குடை ராட்டினம்: இங்கிலாந்தில் ஒரு திசை, அமெரிக்காவில் எதிர்த்திசை, ஏன்?

நத்தைக்கூடு எழுதியது:

வணக்கம் நண்பர்களே. கேள்வி கொஞ்சம் சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா குடும்பம் இங்கிலாந்தில் நார்விச் பக்கம், நாங்கள் நியூஜெர்சியில். இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் அவரவர் ஊரில் குதிரை ராட்டினம் சுற்றிய வீடியோவை மாற்றி மாற்றி அனுப்பிப் பெருமை அடித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது அக்கா மகள் கேட்டாள், "மாமா, உங்க ஊர்ல மட்டும் ஏன் குதிரை ரிவர்ஸ்ல சுத்துது?" பார்த்தால் உண்மைதான். அங்கே ராட்டினம் கடிகார முள் போகும் திசையில் சுற்றுகிறது, இங்கே அதற்கு நேர் எதிராக. சரி, அங்கே சாலையில் இடப்பக்கம், இங்கே வலப்பக்கம், அதுபோல ஏதாவது இருக்கும் என்று சமாளித்துவிட்டேன். ஆனால் எனக்கே நம்பிக்கை இல்லை.

இது தற்செயலா, இல்லை உண்மையிலேயே ஒரு காரணம் இருக்கிறதா? அப்புறம் இந்த மரக்குதிரை ராட்டினம் முதலில் எங்கே ஆரம்பித்தது? அமெரிக்கக் கிழக்குக் கரையில் பழைய ராட்டினம் ஏதாவது இன்னும் ஓடுகிறது என்றால் அதையும் சொல்லுங்கள், கோடை விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிப்போகலாம் என்று இருக்கிறேன்.

---

தறியோசை எழுதியது:

தற்செயல் இல்லை, சாலை விதிக்கும் இதற்கும் சம்பந்தமும் இல்லை. குதிரைதான் காரணம், அதாவது நிஜக் குதிரை.

குதிரைமேல் எப்போதும் அதன் இடப்பக்கம் நின்றுதான் ஏறுவார்கள். வலது கைக்காரன் வாளை இடது இடுப்பில் கட்டியிருப்பான், வலப்பக்கம் நின்று காலைத் தூக்கிப்போட்டால் வாள் தொடைக்கு அடியில் மாட்டும், அந்தப் பழக்கம் வாள் போன பிறகும் போகவில்லை. ராட்டினம் கடிகாரத் திசையில் சுற்றினால் குதிரையின் இடப்பக்கம் வெளியே பார்த்து இருக்கும். நீங்கள் வெளியிலிருந்து நடந்து வந்து முறைப்படி இடப்பக்கத்திலேயே ஏறிக்கொள்ளலாம். இங்கிலாந்துக்காரர்கள் இதை விடாமல் பிடித்துக்கொண்டார்கள்.

அமெரிக்காவில் ஏறுவதைவிட முக்கியமாக ஒரு விளையாட்டு இருந்தது. ராட்டினத்துக்கு வெளியே ஒரு மரக்கையை நீட்டி வைத்து அதில் வரிசையாக இரும்பு வளையங்களைப் போட்டிருப்பார்கள். குதிரை அந்த இடத்தைக் கடக்கும்போது எட்டி ஒன்றைப் பிடுங்க வேண்டும். எல்லாம் இரும்பு, ஒன்று மட்டும் பித்தளை, அது யார் கையில் வருகிறதோ அவருக்கு அடுத்த சுற்று இலவசம். பெரும்பாலோருக்கு வலது கைதான் வாகு என்பதால் வலப்பக்கம் வெளியே இருக்க வேண்டும், அதற்கு ராட்டினம் எதிர்த்திசையில் சுற்றியாக வேண்டும். ஓரத்து வரிசையில் இருப்பவருக்குத்தான் வளையம் எட்டும் என்பதால் அந்தக் குதிரைகளுக்கு அடிதடியே நடக்குமாம்.

இந்த வளையம் எங்கிருந்து வந்தது என்று போனால் உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். ஐரோப்பியப் பிரபுக்கள் குதிரையில் பாய்ந்து வந்து, தொங்கவிட்ட வளையத்துக்குள் ஈட்டியைச் செருகும் போட்டி வைப்பார்கள். இதில் பெரிய கூத்து 1662 ஜூனில் பாரிஸில் நடந்தது. பதினான்காம் லூயி தனக்கு மகன் பிறந்ததைக் கொண்டாட, தானே ரோமானியப் பேரரசன் வேஷம் போட்டுக்கொண்டு ஒரு குதிரைப் படைக்குத் தலைமை தாங்கினான். எதிரே பாரசீகர், துருக்கியர், இந்தியர், அமெரிக்கப் பழங்குடிகள் என்று வேஷம் கட்டிய நான்கு அணிகள். (அந்த "இந்தியர்" எந்த இந்தியாவைப் பார்த்து உடுப்புத் தைத்தார்களோ, படங்களில் தலை நிறைய இறகாக இருக்கிறது.) விழா நடந்த திடலுக்கு "காருசெல்" என்ற அந்த விழாவின் பெயரே நிலைத்துவிட்டது, லூவர் அருங்காட்சியகத்தை ஒட்டி இன்றைக்கும் பிளாஸ் டு காருசெல் இருக்கிறது.

இந்தப் போட்டிக்குப் பழக நிஜக் குதிரையைக் களைக்க வைப்பானேன் என்று நடுவில் ஒரு கம்பம் நட்டு, அதிலிருந்து நீளும் கைகளில் மரக்குதிரைகளை மாட்டி, வேலையாட்களோ கோவேறு கழுதையோ சுற்ற வைத்தார்கள். பையன்கள் அதில் உட்கார்ந்து வளையத்தைக் குத்திப் பழகினார்கள். கொஞ்ச நாளில் பழகுவதைவிடச் சுற்றுவதே சுகம் என்று ஆகிவிட்டது.

பாரிஸில் லக்சம்பர்க் தோட்டத்து ராட்டினத்தில் இன்றைக்கும் பிள்ளைகள் கையில் ஒரு சின்னக் குச்சியைக் கொடுப்பார்கள், சுற்றும்போது அதை நீட்டி வளையத்தைக் கோத்து எடுக்க வேண்டும். 1879இல் நிறுவியது, வடிவமைத்தவர் பாரிஸ் ஆப்பரா அரங்கைக் கட்டிய சார்ல் கார்னியே. லூயியின் ஈட்டி கடைசியில் நாலு வயதுக் குழந்தையின் குச்சியாகிவிட்டது.

---

மேலத்தெரு மெக்கானிக் எழுதியது:

தறியோசை சொன்னதோடு இயந்திரக் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அது இல்லாமல் குதிரை "பாயாது".

எங்கள் ஊர் அம்மன் கொடைக்கு வரும் குடை ராட்டினம் கையால் தள்ளுவதுதான். மேலே இருந்து சங்கிலியில் நாலைந்து குதிரை தொங்கும், ராட்டினக்காரர் இரண்டு சுற்று ஓடித் தள்ளிவிட்டு ஒதுங்கி நிற்பார், வேகம் கூடக் கூடக் குதிரை வெளிப்பக்கமாக விரியும். ஐரோப்பா, அமெரிக்காவிலும் ஆரம்பத்தில் இருந்தது ஏறக்குறைய இதே சாமான்தான். அமெரிக்காவில் ரோட் ஐலண்டில் வாட்ச் ஹில் என்ற கடற்கரை ஊரில் சங்கிலிக் குதிரை ராட்டினம் இன்னும் ஓடுகிறது, 1870களில் செய்தது. அடியில் மேடை கிடையாது. சின்னப் பிள்ளைகளை மட்டும்தான் ஏற்றுவார்கள்.

கையால் தள்ளினால் எடைக்கும் எண்ணிக்கைக்கும் ஒரு வரம்பு வந்துவிடும். அதை உடைத்தது நீராவி. 1860களில் இங்கிலாந்தில், உங்கள் அக்கா ஊர் இருக்கும் அதே நார்ஃபோக் மாவட்டத்துச் சந்தைகளிலும் நீராவி ராட்டினம் தலைகாட்டியது. அங்கே கிங்ஸ் லின் ஊரில் விவசாய இயந்திரங்கள் செய்துகொண்டிருந்த ஃபிரெடரிக் சாவேஜ் இந்தத் தொழிலுக்குள் வந்ததும் எல்லாம் மாறிப்போனது. நடுவில் கம்பத்துக்குப் பதில் நீராவி எஞ்சினையே நிறுத்தினார். 1880களில் குதிரையை மேலும் கீழும் ஆட்டும் அமைப்பும் வந்தது. மனிதர் பிற்பாடு அந்த ஊருக்கு மேயரும் ஆனார், சிலையும் வைத்திருக்கிறார்கள்.

ஆட்டம் எப்படி வருகிறது என்றால், நடு உச்சியில் ஒரு பெரிய பல்சக்கரம் அசையாமல் இருக்கும். ராட்டினத்தின் கூரை சுற்றும்போது, கூரையோடு போகும் சின்னப் பல்சக்கரங்கள் அந்தப் பெரியதன்மேல் உருண்டுகொண்டே போகும். ஒவ்வொரு சின்னச் சக்கரமும் ஒரு நீளத் தண்டைச் சுழற்றும், அந்தத் தண்டில் நடுநடுவே முழங்கை மாதிரி மடிப்பு இருக்கும், லாரி எஞ்சினில் கிராங்க் ஷாஃப்ட் பார்த்திருப்பீர்களே, அதேதான். குதிரையின் பித்தளைக் கம்பி அந்த மடிப்பில் தொங்குகிறது. தண்டு சுழல மடிப்பு மேலே போகும், கீழே வரும், குதிரையும் கூடவே. பக்கத்துப் பக்கத்து மடிப்புகளை எதிர்எதிராக வைத்திருப்பார்கள், அதனால்தான் உங்கள் குதிரை ஏறும்போது பக்கத்துக் குதிரை இறங்குகிறது. அழகுக்காக மட்டும் இல்லை, எல்லாக் குதிரையும் ஒரே நேரத்தில் ஏறினால் மோட்டார் திணறிப்போகும்.

இன்னொன்று, காசு கொடுத்து ஏறினால் வெளி வரிசைதான் லாபம். உள் வரிசை நடுவிலிருந்து 4 மீட்டர், வெளி வரிசை 7 மீட்டர், ஒரு சுற்றுக்கு 12 விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பவர் மணிக்குச் சுமார் 7.5 கிலோமீட்டர் வேகத்தில் போவார், வெளியே இருப்பவர் 13. ஒரே டிக்கெட், ஒரே பாட்டு!

---

வெஸ்டல் வாசுகி எழுதியது:

நத்தைக்கூடு தம்பி, நியூஜெர்சியிலிருந்து காரில் வந்துவிடும் தூரத்தில்தான் நாங்கள் இருக்கிறோம். நியூயார்க் மாநிலத்தில் பிங்காம்டன் வட்டாரம். இங்கே ஆறு பழைய ராட்டினங்கள் இருக்கின்றன, ஆறும் இலவசம்!

ஜார்ஜ் எஃப். ஜான்சன் என்று ஒரு செருப்பு முதலாளி, எண்டிகாட் ஜான்சன் கம்பெனி அவருடையது. சிறுவயதில் ராட்டினம் சுற்றக் காசு இல்லாத வருத்தம் அவருக்குக் கடைசிவரை இருந்ததாக ஊரில் சொல்வார்கள். 1919லிருந்து 1934க்குள் ஆலன் ஹெர்ஷல் கம்பெனியிடம் ஆறு ராட்டினம் செய்து வாங்கி, தன் தொழிலாளர்கள் குடியிருந்த ஊர்ப் பூங்காக்களுக்குக் கொடுத்தார். ஒரே நிபந்தனை, எந்தக் காலத்திலும் யாரிடமும் காசு வாங்கக்கூடாது. இன்றுவரை வாங்குவதில்லை.

குதிரைகள் ஃபிலடெல்பியா, கோனி ஐலண்டு (நியூயார்க்கின் கடற்கரைப் பொழுதுபோக்கு இடம்) வேலைப்பாடு அளவுக்கு ஆடம்பரம் இல்லை, எளிமையான சந்தைக் குதிரைகள்தான், ஆனால் நான்கு வரிசை ஓடும் ராட்டினத்தில் கைக்குழந்தையோடு பாட்டியும் காலேஜ் பிள்ளைகளும் ஒன்றாக நிற்கும் வரிசையைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். கோடையில்தான் திறப்பார்கள். ஆறிலும் சுற்றி முடிக்க ஒரே நாள் போதும், நடுவில் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாலும் சரி.

ஆடம்பர வேலைப்பாடு என்றேனே, அதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் மரக்குதிரைகளைச் செதுக்கியவர்கள் அநேகமாக எல்லோருமே வெளியிலிருந்து வந்து குடியேறியவர்கள். ஃபிலடெல்பியாவில் 1867இல் தொழிலை ஆரம்பித்த கஸ்டவ் டென்ட்சல் ஜெர்மனிக்காரர். கோனி ஐலண்டில் 1876இல் முதல் ராட்டினத்தைப் போட்ட சார்ல்ஸ் லூஃபும் அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்தான். அப்புறம் வந்த மார்க்கஸ் இலியன்ஸ், சார்ல்ஸ் கார்மெல், ஸ்டைன், கோல்ட்ஸ்டைன் எல்லோரும் கிழக்கு ஐரோப்பிய யூதர்கள். இலியன்ஸ் வகையறா யூதக் கோயிலுக்குச் சிங்கமும் செதுக்குவார்கள், கோனி ஐலண்டுக்குக் குதிரையும் செதுக்குவார்கள். நம்ம ஊரில் சாமிக்குக் குதிரை வாகனம் செய்யும் ஆசாரியே பொருட்காட்சிக்கும் பொம்மை செய்து கொடுத்தால் எப்படி இருக்கும், அப்படி. சிங்கத்தின் பிடரியில் வரும் அந்தச் சுருள் அப்படியே குதிரையின் பிடரியிலும் இருக்கும்.

பெரிய குதிரைகளை ஒரே கட்டையில் செதுக்க மாட்டார்கள். பலகைகளைப் பெட்டி மாதிரி ஒட்டி உள்ளே காலியாக விடுவார்கள். எடையும் குறையும், மரம் விரிசலும் விடாது. தலையும் காலும் தனித்தனியாகச் செதுக்கிப் பொருத்துவது. வால் சிலதில் நிஜக் குதிரை முடி, கண் கண்ணாடி. முக்கியமாக, எந்தப் பக்கம் வெளியே தெரியுமோ அந்தப் பக்கம்தான் பூவும் கல்லும் சேணமும் எல்லாம். உள்பக்கம் சும்மா ஒப்புக்கு. ஆகவே ஏதாவது பழைய சாமான் கடையில் தனிக் குதிரையைப் பார்த்தால், வலப்பக்கம் அலங்காரமாக இருந்தால் அமெரிக்கக் குதிரை என்றும் இடப்பக்கமாக இருந்தால் இங்கிலாந்துக் குதிரை என்றும் பெரும்பாலும் சொல்லிவிடலாம். உங்கள் அக்கா மகளிடம் சொல்லுங்கள், அவளுக்குப் பிடிக்கும்.

---

கறார் கந்தன் எழுதியது:

எல்லோரும் பூவும் கல்லுமாகப் பேசுகிறீர்கள். பாட்டியும் பேரனும் ஒன்றாக நிற்கும் வரிசை என்று வாசுகி அக்கா சொன்னது சரி, ஆனால் அமெரிக்காவின் பல ஊர்களில் அந்த வரிசையில் யார் நிற்கலாம் என்பதே பெரிய சண்டையாக இருந்தது. அதைச் சொல்லாமல் "அந்தக் கால ராட்டினம், ஆகா" என்று பேச எனக்கு மனம் வரவில்லை.

வாஷிங்டன் பக்கத்தில் மேரிலாண்டில் கிளென் எக்கோ பார்க். 1921இல் டென்ட்சல் கம்பெனி செய்த ராட்டினம், கறுப்பினத்தவருக்கு அனுமதி இல்லை. 1960 ஜூன் 30 அன்று, கறுப்பின மாணவர்கள் படிக்கும் ஹோவர்ட் பல்கலைக்கழகத்து மாணவர்கள் டிக்கெட்டோடு உள்ளே போய் மரக்குதிரைகள்மேல் உட்கார்ந்துகொண்டார்கள். ராட்டினத்தை ஓட்டவில்லை. இறங்கச் சொன்னார்கள், இறங்கவில்லை. ஐந்து பேரைக் கைது செய்தார்கள். அதன் பிறகு கோடை முழுக்க வாசலில் மறியல், பக்கத்துக் குடியிருப்பின் வெள்ளையர்கள் பலரும், முக்கியமாக யூதக் குடும்பங்கள், மாணவர்களோடு சேர்ந்து நின்றார்கள். அடுத்த வருடம் எல்லோருக்கும் திறந்தார்கள். அந்தக் கைது வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1964இல் தண்டனை ரத்தானது. அந்த ராட்டினம் அதே இடத்தில் இன்னும் ஓடுகிறது.

பால்டிமோர் பக்கம் குவின் ஓக் பார்க்கில் இன்னும் பல வருடம் போராட வேண்டியிருந்தது. கடைசியில் அந்தப் பூங்கா எல்லோருக்கும் திறந்த நாள் 1963 ஆகஸ்ட் 28. தேதி எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? மார்ட்டின் லூதர் கிங் வாஷிங்டனில் பேசிய அதே நாள். அன்று அங்கே ராட்டினத்தில் சுற்றிய முதல் கறுப்பினக் குழந்தை ஷரன் லாங்லி, பதினொரு மாதக் கைக்குழந்தை. பிற்பாடு அந்தப் பூங்கா மூடிப்போய், ராட்டினம் மட்டும் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்களுக்கு நடுவே நேஷனல் மால் புல்வெளிக்கு வந்தது. ஒரு குதிரையில் அந்தக் குழந்தையின் பெயரையும் பொறித்தார்கள்.

நத்தைக்கூடு, வேலைப்பாட்டுக்காக எங்கே வேண்டுமானாலும் போங்கள், ஆனால் கிளென் எக்கோவையும் ஒரு தரம் காட்டிவிடுங்கள். பிள்ளைகள் உட்காரும் குதிரையில் யார் ஏன் உட்கார்ந்தார்கள் என்று சொல்லிவிட்டு ஏற்றிவிட்டால் போதும்.

---

நத்தைக்கூடு எழுதியது:

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவே இல்லை, எல்லோருக்கும் நன்றி. அக்கா மகளுக்கு வாள் விஷயத்தைச் சொன்னேன், இனி ஏறும்போது இடப்பக்கம் வாள் இருக்கிற மாதிரி நடித்துக்கொண்டுதான் ஏறுவாளாம்.

கந்தன், அந்த ஆகஸ்ட் 28 விஷயம் எனக்குத் தெரியாது. கிளென் எக்கோ கட்டாயம் பட்டியலில் உண்டு.

கடைசியாக ஒன்று. வளையம் பிடிக்கும் விளையாட்டு அமெரிக்காவில் இன்னும் எங்கேயாவது இருக்கிறதா? என் பெரியவனுக்கு அது ஒன்றுதான் வேண்டுமாம். அப்புறம் வாசுகி அக்கா தனிக் குதிரையைக் கடையில் பார்ப்பது பற்றிச் சொன்னார்களே, அது எப்படிக் கடைக்கு வருகிறது? ராட்டினத்திலிருந்து கழற்றி விற்கிறார்களா?

---

தறியோசை எழுதியது:

கழற்றித்தான் விற்றார்கள், அதுதான் வேதனை. 1930களின் பொருளாதார நெருக்கடியில் புது மரக்குதிரைக்கு ஆள் இல்லை, செதுக்கும் பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. அப்புறம் அலுமினியம், ஃபைபர் குதிரைகள் வந்துவிட்டன. 1970, 80களில் பழைய மரக்குதிரைகளைக் கலைப்பொருளாக வீட்டு வரவேற்பறையில் வைக்கும் மோகம் கிளம்பியதும் முழு ராட்டினத்தைவிட உதிரிக் குதிரைகளுக்கு விலை ஏறிவிட்டது. ராட்டினத்தை முழுசாக ஏலத்துக்குக் கொண்டுவந்து, குதிரை குதிரையாகப் பிரித்துவிடுவார்கள். இப்படிச் சிதறிப்போனவை ஏராளம்.

தப்பித்த ஒன்று நியூயார்க்கில் உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஒஹையோ மாநிலத்தில் யங்ஸ்டவுன் ஊரின் ஐடோரா பார்க்கில் 1922லிருந்து ஓடியது, 48 குதிரை. 1984இல் பூங்கா தீப்பிடித்த பிறகு எல்லாம் ஏலத்துக்கு வந்தது. ஜேன் வாலன்டாஸ், டேவிட் வாலன்டாஸ் என்று ஒரு தம்பதி முழுசாகவே வாங்கினார்கள். அந்த அம்மா ஓவியர், பல வருடம் உட்கார்ந்து, பூச்சுக்கு மேல் பூச்சாக இருந்த பழைய சாயத்தைச் சுரண்டி அசல் நிறத்தைக் கண்டுபிடித்துத் திரும்பத் தீட்டினார். 2011இலிருந்து புரூக்ளின் பாலத்துக்கு அருகில் ஆற்றங்கரையில் ஓடுகிறது, சுற்றிலும் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ழான் நூவல் வடிவமைத்த, கண்ணாடி மாதிரித் தெரியும் அக்ரிலிக் கூடம். அந்தக் கண்ணாடிப் பெட்டி எனக்கு அவ்வளவு பிடிக்காது, குதிரைகளைக் கடை ஷோகேஸில் வைத்த மாதிரி இருக்கும். மழையில் நனையாமல் இருப்பதே பெரிது என்று விட்டுவிடலாம்.

வளையத்துக்குப் பெரியவனை மாஸசூசெட்ஸில் மார்த்தாஸ் வினியார்ட் தீவுக்குக் கூட்டிப்போங்கள். அங்கே ஓக் பிளஃப்ஸ் ஊரில் ஃப்ளையிங் ஹார்ஸஸ் என்ற ராட்டினம், 1876இல் சார்ல்ஸ் டேர் செய்தது. மேடையோடு ஓடும் அமெரிக்க ராட்டினங்களில் இதுதான் மூத்தது. முதலில் கோனி ஐலண்டில் இருந்து, 1884இல் தீவுக்கு வந்தது. மெக்கானிக் சொன்ன கிராங்க் ஆட்டம் இதில் கிடையாது, குதிரை மேலும் கீழும் ஆடாது, சுற்றும் அவ்வளவுதான். ஆனால் வளையம் உண்டு. மற்ற பல இடங்களில் அடிபடும், காப்பீட்டுத் தொல்லை என்று நிறுத்திவிட்டார்கள்.

பழகிய உள்ளூர்ப் பிள்ளைகள் ஒரே கடப்பில் இரண்டு மூன்று வளையம் உருவிவிடுவார்கள், பெரியவன் முதல் சுற்றில் ஒன்று பிடித்தாலே பெரிய விஷயம், அழுதால் பயப்படாதீர்கள். வெளி வரிசையில் உட்கார வையுங்கள், வலது கையில் ஐஸ்கிரீம் இருக்கக்கூடாது. தீவுக்குப் படகில் போக வேண்டும், கோடையில் காரை ஏற்ற முன்கூட்டியே பதிய வேண்டியிருக்கும், ஆனால் காரைக் கரையிலேயே விட்டுவிட்டு ஆளாகப் போனால் போதும். ஓக் பிளஃப்ஸுக்கே போகும் படகில் ஏறினால் இறங்கி நடக்கும் தூரத்தில்தான் ராட்டினம்.